தண்ணி காட்டிய சனிக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

இந்தக் கடிதத்தை உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும், அவர் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் அவர்களும் படிக்கட்டும். முப்பது வருஷமாக மோட்டாருக்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து அடைத்தே பிழைத்தவன் நான். ஒரு கடிதத்தையாவது திறந்து வைக்கிறேன். வழக்கமாக மேலே ஒரு வசனம் எழுதித் தொடங்குவேன். இந்த முறை வசனம் தேடி வேதாகமத்தைப் புரட்டினேன். கை நின்ற இடத்திலெல்லாம் தண்ணீர்தான் வந்தது. மூடி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் கல்யாணத்துக்கு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை ஊர்ப் பக்கம் போதகர் என்பார்கள், நமக்கு ஐயர். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று வாசித்துவிட்டு, அவர் வழக்கம்போலக் கண்ணாடிக்கு மேலாகச் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். மூன்று ஞாயிறு இப்படி வாசித்து, மூன்று தடவையும் யாரும் எழும்பாமல் இருந்தால்தான் கல்யாணம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன், ஒருவரும் எழும்பிப் பார்த்ததில்லை. நீயும் எழும்பவில்லை. வீட்டுக்கு வந்து, சோறு போட்டு, எனக்குக் குழம்பு ஊற்றி, உன் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்துகொண்டு சொன்னாய்.

“தடை இருந்தா சொல்லலாம்னு ஐயர் கேட்டாவள்லா. எனக்கு இருக்குப்பா. அம்மைக்கு அன்னைக்கு நான்தான் தண்ணி குடுத்தேன். ஒரு செம்பு நெறைய. அதுலதான் அவ போய்ட்டா. அம்மையக் கொன்னுட்டு நான் எப்படிப்பா மாலையும் கழுத்துமா நிப்பேன்? மூணாம் ஓலைய வாசிக்க வேண்டாம்னு ஐயர்ட்டச் சொல்லிருங்க.”

நான் என்ன சொன்னேன்? “சாப்பிடு” என்றேன். அவ்வளவுதான். கையைக் கழுவிக்கொண்டு மோட்டார் பட்டறைக்குப் போய்விட்டேன், ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல். நான் திரும்பி வருவதற்குள் நீ வேலைக்குத் திரும்ப கோயம்புத்தூர் ரயிலுக்குக் கிளம்பிப் போயிருந்தாய். உன் முகத்தைப் பார்த்து நான் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது. அப்போது என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? எப்போதும்வென்றான் ஊர்த் தோட்டக்காரர் கொண்டுவந்து போட்டிருந்த மோட்டாருக்குப் புது புஷ் வந்திருக்குமா என்பதுதான். இதைப் படிக்கும்போது உனக்குக் கோபம் வரும். வரட்டும். இல்லாததை இருப்பதுபோல் எழுதி உன்னை ஏமாற்ற எனக்கு மனம் இல்லை.

எனக்கு மரத்துப்போயிருக்கிறது, மகளே. உன் அம்மா போன கார்த்திகையிலிருந்து இந்த மார்கழி வரைக்கும், பதின்மூன்று மாதமாக, அப்படித்தான். சாப்பிடுகிறேன், உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிகிறது, ஆனால் அதனால் எனக்கு ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டினேன், பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம் கொடுத்தேன், உன் நிச்சயதார்த்தத்தில் சிரித்த முகமாக நின்றேன் என்று போட்டோவைப் பார்த்தால் தெரிகிறது. கல்லுளிமங்கன், பெண்டாட்டி செத்ததற்குக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசியது என் காதிலும் விழுந்தது. அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. அடக்கம் பண்ணுகிற நேரத்தில் நான் குழியின் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை பெய்த கரிசல், மேலே இரண்டடி ஈரம், அதற்குக் கீழே பாளம் பாளமாகக் காய்ந்து கிடந்தது. இந்த வருஷமும் போர்வெல்லில் தண்ணீர் மேலே வராது என்று கணக்குப் போட்டேன். அப்படிப்பட்ட ஆள்தான் உன் அப்பா.

நீ தண்ணீர் கொடுத்த அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும் என்றால் உன் டேங்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அன்றைக்கு நாம் மூன்று பேரும் ஓடைக்குப் போனதே அதற்காகத்தான். நீ இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, மதுரையில் யாரோ விற்றதை வாங்கி, அட்டைப்பெட்டியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாய். முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் நீளம். ரிமோட்டில் ஓடும், பீரங்கி திரும்பும், இரண்டு பக்கமும் சங்கிலிப் பட்டை உருளும். பட்டாளத்து டேங்கைப் பார்த்துப் பார்த்துச் செய்த பொம்மை. எனக்குப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை. நீ சொன்னாய், இது தரையில்தான் ஓடுகிறது, தண்ணீருக்குள் இறங்கி அந்தக் கரையில் ஏற வேண்டும், அதைத்தான் நான் செய்யப்போகிறேன் என்று. நம்மூரில் டேங்க் என்றால் மொட்டைமாடியில் நிற்கும் கறுப்பு டேங்க்தானே. உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

“டேங்குக்குள்ளதான் தண்ணி போவும். தண்ணிக்குள்ள டேங்க் எங்கன போவும்? அப்பனுக்கும் மவளுக்கும் வேற சோலி இல்ல” என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த டேங்கைச் சொன்னாலும் ‘எந்த டேங்க்’ என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மாடி டேங்க் நிரம்பி வழிகிறது என்று நீ கத்தினால், அது எப்போது மாடிக்குப் போயிற்று என்று அவள் கேட்பாள்.

முதலில் உன் வழியில் செய்தோம். உடம்பு முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் புகாமல் அடைத்துவிட்டால் போதும் என்றாய். மூட்டுக்கு மூட்டு பசை வைத்து, மேல்மூடிக்கு ரப்பர் வெட்டி வைத்து இறுக்கி, பட்டறையில் நான் மோட்டார் சோதிக்கிற சிமெண்டுத் தொட்டியில் இறக்கினாய். இறக்கின வேகத்தில் அது மிதந்தது. பட்டை இரண்டும் தண்ணீரில் சும்மா சுற்றுகின்றன, காலுக்குத் தரை கிடைக்கவில்லை, பீரங்கி கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தே போயிற்று. உள்ளே காற்று இருந்தால் மிதக்கத்தானே செய்யும், கல்லூரியில் இதைச் சொல்லித் தரவில்லையா என்று நான் கேலி செய்தேன். பழைய பேரிங் குண்டும் தேய்ந்த போல்ட்டுமாக உள்ளே கட்டிக் கனம் ஏற்றினாய். தரை தொட்டது, நான்கு அடி ஓடியது. அதற்குள் சக்கரத்து அச்சு வெளியே வருகிற துளை வழியாகக் கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது. காற்று வெளியே வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். இன்னொரு சங்கடமும் இருந்தது. முழுக்க முழுகினால் ரிமோட் சொன்ன பேச்சு அதற்குக் கேட்காது. ஆன்டெனா வயரைப் பழைய பேனா ரீஃபில் குழாய்க்குள் விட்டு, தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும்படி நட்டுவைத்தாய். அதை மட்டும் நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

பிறகு என் வழி. போருக்குள் இறங்குகிற மோட்டாரை வெளியாட்கள் பார்த்தால், அது தண்ணீரே புகாமல் அடைத்த சாமான் என்றுதான் நினைப்பார்கள். நம் பட்டறைக்கு வருகிற மோட்டார்கள் அப்படி இல்லை என்று உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். உள்ளே இருக்கிற கம்பிக்குப் பிளாஸ்டிக் சட்டை போட்டுக் கட்டியிருக்கிறோம், இறக்குவதற்கு முன்னால் நாமே நல்ல தண்ணீரை ஊற்றி, ஆட்டி ஆட்டிக் காற்றை வெளியேற்றி, வயிறு நிறைந்த பிறகுதான் திருகை மூடுகிறோம். உள்ளே தண்ணீர் இல்லாமல் இறக்கினால் தண்ணீருக்கு நடுவிலேயே காய்ந்து எரிந்துபோகும். டேங்குக்கும் அதையே செய், தண்ணீரை உள்ளே விடு, கரண்டு ஓடுகிற சாமானுக்கு மட்டும் சட்டை போடு என்றேன். தரை மோட்டார்களின் கம்பிச் சுருளுக்கு, அந்தக் காயிலுக்கு, ஊற்றுகிற வார்னிஷில் உன் ரிசீவர் போர்டை மூன்று தடவை முக்கி, குண்டு பல்புக்குக் கீழே தொங்கவிட்டுக் காயவைத்தேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி. வயர் சொருகுகிற பின்களையும் சேர்த்து முக்கியிருந்தேன். மாட்டினால் ஒன்றும் அசையவில்லை. காயில் கட்டுகிறவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும், எங்கள் சாமானில் சொருகுகிற பின் ஏது. நீ இரண்டு நாள் என்னோடு பேசாமல், பிளேடால் ஒவ்வொரு பின்னாகச் சுரண்டிக்கொண்டிருந்தாய். அந்த இரண்டு நாளும் நான் ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? மாப்பிள்ளை இப்படி எதையாவது நல்லெண்ணத்தில் கெடுத்துவைத்தால், நீ கத்திவிடு. அவரும் கத்தட்டும். பேசாமல் சுரண்டிக்கொண்டிருக்கிற பழக்கம் என்னிடமிருந்து உனக்கு வந்தது, அதை அங்கே கொண்டுபோகாதே.

பேட்டரிக்குத்தான் வழி தெரியாமல் நின்றோம். அதற்கு வழி சொன்னது உன் அம்மா. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போகிற ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவிடம் ஒரு ஜோடி ரப்பர் கையுறை கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, இதற்குள் வைத்துக் கட்டினால் ஆகாதா என்று கேட்டாள். கையுறைக்குள் பேட்டரியைத் திணித்து, வயர் வெளியே வருகிற கழுத்தை நூலால் இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். கடைசி வரைக்கும் அது நனையவே இல்லை. எனக்குத் தெரிந்து அந்த டேங்கில் முதல் தடவையிலேயே சரியாக அமைந்தது அது ஒன்றுதான்.

அவளுடைய நாள் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்காக எழுதுகிறேன். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாதவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும், மூச்சு முட்டும். அரை லிட்டர் பாட்டில் ஒன்றை நிரப்பி அவளிடம் கொடுத்துவிடுவோம், காப்பி, மாத்திரை எல்லாம் அதற்குள்தான். நான்கு வருஷம். நாக்கு ஒட்டிக்கொண்டால் வாய் கொப்பளித்துத் துப்புவாள், ஐஸ் கட்டியை உதட்டில் வைத்துக்கொள்வாள். இந்தக் கரிசல் காட்டில் எத்தனை ஊரில் எத்தனை போரில் தண்ணீர் ஏற்றிவிட்டேன். வீட்டில் ஒருத்திக்குத் தண்ணீரை அளந்து கொடுத்து, அவள் கூடுதலாகக் குடிக்கிறாளா என்று காவல் காத்தேன். ராத்திரி அவள் குடத்துப் பக்கம் போனால் எனக்கு விழிப்பு வந்துவிடும். காவல்காரனாக நான் கெட்டிக்காரன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. டாக்டர் என்னைப் பாராட்டியிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை பசுவந்தனையில் ஒரு தோட்டத்தில் மோட்டார் இறக்குகிற வேலை. பக்கத்து ஓடையில் தண்ணீர் ஓடுகிறது என்று தோட்டக்காரர் போனில் சொன்னார். நம் பக்கம் வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள்தான் அந்தக் காட்சி. ஒன்றரை வருஷமாகச் சிமெண்டுத் தொட்டியிலேயே ஓடிக்கொண்டிருந்த டேங்குக்கு இதைவிட நல்ல நாள் வராது என்று நீ குதித்தாய். உன் அம்மாவும் வருகிறேன் என்றாள். லோடு ஆட்டோவில் முன்சீட்டில் அவளை உட்காரவைத்து, பின்னால் மோட்டாரும் குழாயும் சங்கிலிப் பிளாக்கும், நடுவில் டேங்கை மடியில் வைத்துக்கொண்டு நீயும். போகிற வழியெல்லாம் கம்பும் உளுந்தும் பச்சையாக நின்றன. அவள் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தாள், என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

மோட்டாரை இறக்குவதற்கு முன்னால் நான் உன்னைப் பார்த்துக் கேட்டேன், தண்ணி காட்டியாச்சா என்று. நம் பட்டறைப் பேச்சு அது. மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறோம் இல்லையா, அதையே மோட்டாருக்கும் சொல்லிப் பழகிவிட்டோம். வயிற்றுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று அர்த்தம். வெளியே அதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு, ஒருவனை ஏய்த்துவிட்டு நழுவினால் அவனுக்குத் தண்ணி காட்டிவிட்டான் என்பார்கள். நீ மோட்டாரை ஆட்டிக் காட்டி, காட்டியாச்சு என்றாய். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உன் அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் தாண்டி ஓடைக்குப் போனோம். முழங்கால் அளவுத் தண்ணீர், கலங்கல் இல்லை, அடியில் சரளை தெரிந்தது. நாற்காலியைக் கரையில் போட்டு அவளை உட்காரவைத்தேன். நீ ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அந்தக் கரைக்குப் போய்விட்டாய். டேங்க் இந்தக் கரையில், கரிசல் சேற்றில், நின்ற இடத்திலேயே உறுமியது. மழை பெய்த கரிசல் மண் செருப்பில் அப்புவதுபோலப் பட்டையில் அப்பி, பல்லெல்லாம் மூடி, சக்கரம் சுற்றவில்லை. தண்ணீருக்கு ஒன்றரை வருஷம் பாடுபட்டோம், மண்ணை மறந்துபோனோம். நான் ஆட்டோவிலிருந்து கேனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நாம் குடிக்கக் கொண்டுபோயிருந்த தண்ணீர். ஓடைத் தண்ணீரை ஒரு வாளி மொண்டிருக்கலாம், கைக்குப் பக்கத்தில் கேன் இருந்தது. அவள் நாற்காலிக்கு முன்னால் டேங்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பட்டை வெளுக்கிற வரைக்கும் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். அவளுடைய பாட்டில் பதினோரு மணிக்கே தீர்ந்திருந்தது. அவள் மெல்லத்தான் கேட்டாள், அந்தக் கரையில் நின்ற உனக்குக் கேட்டிருக்காது.

“மோட்டாருக்குத் தண்ணி காட்டுதீங்க, டேங்குக்கும் காட்டுதீங்க. எனக்கு ஒரு மடக்கு தாங்களேன்.”

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டேங்கைச் சரளையில் இறக்கிவிட்டு, “இந்தா, எறங்குது பாரு” என்றேன். அது இறங்கியது. பட்டை முழுகியது, உடம்பு முழுகியது, பீரங்கி முழுகியது, ரீஃபில் குழாய் மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. நடு ஓடையில் கொஞ்சம் தயங்கியது, திரும்பவும் போயிற்று. அந்தக் கரையில் தண்ணீர் வடிய வடிய ஏறியபோது நீ கையைத் தட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தாய். உன் அம்மாவும் கையைத் தட்டினாள். அவளுக்கு நான் தண்ணி காட்டினேன், மகளே. ஒரு மடக்கு கேட்டவளுக்கு ஒரு ஓடையையே காட்டினேன். அது எந்த அர்த்தத்தில் என்று இந்தப் பதின்மூன்று மாதமாக யோசிக்கிறேன்.

உங்கள் இரண்டு பேரையும் வீட்டில் இறக்கிவிட்டு நான் பட்டறைக்குப் போனேன். அந்த நேரத்தில்தான் நீ அவளுக்குச் செம்பு நிறையக் கொடுத்திருக்கிறாய். மறுநாள் சாயங்காலம் அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், திங்கட்கிழமை காலையில் முடிந்துவிட்டது. இந்த இரண்டையும் நீ ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாய். போட்டவள் நீ, ஆனால் அவிழ்க்கத் தெரிந்தும் அவிழ்க்காமல் இருந்தவன் நான். இனிமேல் எழுதுவதுதான் நான் உன்னிடம் சொல்ல வேண்டியது. இதற்கு முன்னால் எழுதியதெல்லாம் இதை எழுதுவதற்குப் பயந்துகொண்டு எழுதியது.

அவள் போன அன்றைக்கே நான் டாக்டரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். ஒரு செம்பு தண்ணீர் கூடுதலாகக் குடித்தாள், அதனாலா என்று. அவர் தலையை ஆட்டினார். ஒரு செம்பினால் இப்படி ஆகாது, இதயம் ரொம்ப நாளாகவே தளர்ந்துபோயிருந்தது, எப்போது வேண்டுமானாலும் நிற்கும் என்று உங்களிடம் போன மாதமே சொன்னேனே என்றார். ஆமாம், சொல்லியிருந்தார். உன் கடைசி வருஷப் படிப்பு கெட்டுவிடும் என்று நான்தான் உன்னிடம் மறைத்தேன். உனக்குத் தெரிந்திருந்தால் அந்த ஓடைக் கரையில் நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். மறைத்தது நல்லதுக்குத்தான் என்று நம்பினேன், அந்த நம்பிக்கை தப்பு. மாப்பிள்ளையிடமும் உன்னிடமும் நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான், நோயை மட்டும் ஒருவருக்கொருவர் மறைக்காதீர்கள்.

டாக்டரிடம் அந்தச் செம்பைப் பற்றி நான் எப்படிக் கேட்டேன் என்று இப்போது நீ யோசிப்பாய். நீதான் அப்போது யாரிடமும் சொல்லவில்லையே. உன் அம்மா சொன்னாள். சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் நான் வீட்டுக்கு வந்தபோது, நீ குளித்துக்கொண்டிருந்தாய். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவின மாதிரி இருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாள்.

“புள்ள இன்னைக்கு ஒரு செம்பு தண்ணி தந்தா. நெஞ்சு குளுந்துட்டுங்க. எத்தன வருசமாச்சு இப்படிக் குடிச்சு. அவளுக்குப் பயம், உங்ககிட்டச் சொல்லமாட்டா. நீங்க அவள வையாதீங்க.”

நான் உன்னை வையவில்லை. பதிலாக ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டேன். நீ பயந்துகொண்டிருக்கிறாய் என்று தெரியும், அதற்குக் காரணம் இல்லை என்றும் தெரியும், அவள் சந்தோஷமாகக் குடித்தாள் என்றும் தெரியும். மூன்றில் ஒன்றையாவது உன்னிடம் சொல்லியிருந்தால் போன ஞாயிற்றுக்கிழமை நீ சோற்றைத் தொடாமல் எழும்பியிருக்க மாட்டாய். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், மரத்துப்போனதுதான் காரணம் என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். அது பாதிதான் உண்மை. எனக்குப் பொறாமை. நான்கு வருஷம் அவளுக்குக் காவல் இருந்தவன் நான், கடைசியில் அவள் நெஞ்சு குளிர்ந்தது உன் கையால். என்னிடம் கேட்டது ஒரு மடக்கு, அதை நான் கொடுக்கவில்லை. உன்னிடம் அவள் கேட்டாளா, கேட்காமலே கொடுத்தாயா, அதுகூட எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. பெற்ற மகள்மேல் இப்படி ஒரு பொறாமையை வைத்துக்கொண்டு நான் உனக்கு மாப்பிள்ளை பார்த்தேன், பந்தலுக்குச் சொன்னேன், கார்டு அடித்தேன்.

இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. நீ நேரில் வந்தால் பேசிவிடுவேன் என்று சத்தியம் செய்ய முடியாது. பேசப் பார்க்கிறேன். நான் மறுபடியும் சாப்பிடு என்று சொல்லிவிட்டு எழும்பினால், என் சட்டையைப் பிடித்து உட்காரவை.

ஐயரிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். மாப்பிள்ளையிடம் நீயே எல்லாவற்றையும் சொல், இந்தக் கடிதத்தையும் காட்டு. அதற்குப் பிறகும் இது தடைதான் என்று உனக்குத் தோன்றினால், நீயே கிளம்பி வந்து ஐயரிடம் சொல், நான் குறுக்கே நிற்கவில்லை. அப்படித் தோன்றாவிட்டால், வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. தடை ஏதும் தெரிந்தால் சொல்லலாம் என்று அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும்போது நான் முன்வரிசையில் இருப்பேன். உன் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தவள் நீ, கொடுக்காதவன் நான். அந்தக் கோயிலில் எழும்பி நின்று பதில் சொல்ல வேண்டியவன் ஒருவன் இருக்கிறான் என்றால் அது நான்தான். நான் உட்கார்ந்தே இருப்பேன்.

அப்பா